மட்டம்

மூக்கனேரிக் கரையில் தொடங்கினோம், மூன்று நாளைக்கு முன்.
முக்காலியை ஊன்றி, குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து
கண்ணாடியில் ஒரு கண்ணை வைத்தேன்.
எதிரே மட்டக்கோலுடன் சேர்வராயன்.
ஊர் மஞ்சக்குட்டை. மலையில் பிறந்தவனுக்குச்
செங்குத்து எதுவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மழைநீர் வடிகால், தொகுப்பு நான்கு.
தண்ணீர் எங்கே போக ஆசைப்படுகிறதென்று
அதற்கு முன்னால் போய்ப் பார்த்து எழுதுவது
என் உத்தியோகம்.

ஒன்று புள்ளி நான்கு இரண்டு.
ஒன்று புள்ளி ஆறு ஒன்பது.
அணைமேடு தாண்டி, குகை தாண்டி
கோலில் எண் ஏற ஏற
நிலம் இறங்கிக்கொண்டே போனது.

நாகரிகங்கள் ஆற்றங்கரையில் பிறந்தன:
நைல், யூப்ரடீஸ், சிந்து.
எழுதினால் மூன்று மதிப்பெண்.
எங்கள் ஆற்றை எழுதியிருந்தால் சுழித்திருப்பார்கள்.
திருமணிமுத்தாறு.
பேரில் மணி, பேரில் முத்து,
ஒரு பரிசல் மிதக்க ஆழமில்லை.
இப்போது சாயப்பட்டறை விட்ட நிறம்,
செவ்வாய் சிவப்பு, புதன் நீலம்.

பெரிய ஆறு வண்டலைக் கொட்டும்.
வண்டல் நெல்லாகும்.
நெல் குவிந்தால் காவல் வேண்டும்,
காவலுக்குக் கணக்கு, கணக்குக்கு எழுத்து,
எல்லாவற்றின் மேலும் ஏறி உட்கார ஓர் அரசன்.
இங்கே என்ன குவியும்?
வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை,
கிழக்கே கோதுமலை, மேற்கே கஞ்சமலை.
கிண்ணத்தின் அடியில் ஒரு விரல் தண்ணீர்.
ராஜாக்கள் இதைக் கடந்துதான் போயிருப்பார்கள்,
முழங்கால்கூட நனையாமல்.

கொண்டலாம்பட்டியில் பொக்லைன் நின்றது.
இரண்டு மீட்டர் நாற்பது ஆழத்தில்
கறுப்பாய், கட்டி கட்டியாய் ஏதோ.
மாதப்பன் இறங்கிவந்து எட்டி உதைத்தான்.
"கல்லுங்க மேடம். பக்கெட் பல்லு போயிரும்."
சேர்வராயன் ஒன்றைத் தூக்கினான்.
தூக்கியவன் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது.
"கல்லு இந்தக் கனம் கனக்காது."

உருகி, வழிந்து, பாதியில் உறைந்த கசடு.
ஒரு புறம் தேனடை போலத் துளைகள்.
எவ்வளவு பழசு? தெரியாது.
நான் ஆழம் அளப்பவள், ஆண்டு அளப்பவள் இல்லை.

நிமிர்ந்தால் மேற்கே கஞ்சமலை, துருநிறத்தில்.
மழை அதை அரித்து ஓடைகளில் கருமணல் சேர்க்கும்.
அள்ளி அலச முழங்காலளவு தண்ணீர் போதும்;
கூடினால் மணலும் போய்விடும்.
யாரோ ஒருத்தி குனிந்து அலசியிருக்கலாம்.
யாரோ துருத்தி மிதித்திருக்கலாம்.
கரிக்காக எந்தக் காடு எரிந்ததோ.
அந்த இரும்பு தலைச்சுமையாய்க் கணவாய் தாண்டி
மதிப்பெண் வாங்கும் ஏதோ ஓர் ஆற்றின் சேற்றில்
கொழுவாய் இறங்கியிருக்கலாம்.
நெல் அங்கே குவிந்தது.
பாட்டும் அந்த ஆற்றின் மேல்தான்.
கசடு மட்டும் இங்கே தங்கிவிட்டது.

ஒப்பந்தக்காரர் போனில் கத்தினார்:
"மூணு மணிக்கு கான்கிரீட் வண்டி வருது, குழாயை இறக்குங்க."
தொல்லியல் அலுவலகத்துக்கு அடித்தேன்.
சாப்பாட்டு நேரம். மறுபடி அடித்தேன்.

வண்டிக்கு முன்னால் மழை வந்தது. ஐப்பசி மழை,
ஏற்காட்டில் இடித்து இங்கே கொட்டுவது.
என் வரைபடத்தில் தண்ணீர்
சாலையோரமாய் நேரே போக வேண்டும்.
போகவில்லை.
கட்டிகள் கிடந்த பக்கம் வளைந்து
டயர் கடையை ஒரு சுற்றுச் சுற்றி,
ஓட்டாமலே தொழுவம் திரும்பும் மாடு மாதிரி
மேற்கே ஒதுங்கிப் போனது.

நேர்கோட்டின் பக்கத்தில் ஒரு புள்ளிக்கோடு போட்டேன்.
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
இரும்புக் கசடு, 2.40 மீ. நீர் இவ்வழி.

மழை விட்டதும் மறுபடி முக்காலியை நட்டோம்.
ஒரு கால் சேற்றில் புதைந்துகொண்டே இருந்தது.
சேர்வராயன் ஒன்றும் சொல்லாமல்
அந்தக் கட்டியை அதன் அடியில் வைத்தான்.
குமிழ் அசைந்து அசைந்து
நடுவில் நின்றது.