இடக்கைச் சுருள்

லோரியான்.
கிழக்கு என்று பெயர் வைத்துக்கொண்டு
மேற்குக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஊர்.
நீர்மூழ்கிகளுக்காகப் போர்க்காலத்தில் கொட்டிய
கான்கிரீட்டின் நிழலில்
எங்கள் படகு முட்டுக்கட்டைகள் மேல் நின்றது.
மத்தி டப்பா கம்பெனிக்காரர் ஒப்பந்தத்தை நீட்டினார்.
ஏனோரா கெர்ப்ரா இடக்கையால் கையெழுத்திட்டாள்.
பேனா என்னிடம் வந்தபோது இன்னும் சூடாக இருந்தது.

போன வருஷம் இதே துறையில்
பதினோரு நிமிஷத்தில் என்னைத் தோற்கடித்தவள்.
மிதவையை உரசினாள் என்று நடுவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன்.
உரசவில்லை என்று தீர்ப்பு வந்தது.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

ஒரே உறையில் ரெண்டு கத்தியாடா என்றாள்
அக்கா, தொலைபேசியில்.
உறையும் கனம்தான், கழற்றி எறிந்துவிட்டோம் என்றேன்.

கனம்.
காலையில் எழுந்தால் அந்தப் பேச்சுதான்.
பல்துலக்கியின் காம்பைப் பாதியில் அறுத்தோம்.
இரண்டு பேருக்கு ஒரு கரண்டி, ஒரு படுக்கை.
சவரியப்பன் என்ற என் பெயரையும்
அவள் பாதியில் அறுத்துச்
சவாரி ஆக்கினாள்.

இருவர் பந்தயம் என்று சுவரொட்டியில் போட்டிருக்கிறார்கள்.
உள்ளே வந்து பார்த்தால்
தனியாக ஓட்டுகிற இரண்டு பேர்
சுக்கானைக் கைமாற்றுகிறார்கள், அவ்வளவுதான்.
ஒருவர் எழுந்தால்தான் ஒருவர் படுக்கலாம்.
முகம் பார்த்துப் பேசியது
வாரத்துக்கு ஒரு மணி நேரம் தேறாது.

இருபது நிமிஷத் தூக்கம்.
கண் தூங்கும், காது தூங்காது.
பலகைக்கு அந்தப் பக்கம்
தண்ணீர் போடுகிற கணக்கை
நானும் ஒருமுறை போட்டுப் பார்ப்பேன்:
அவள் அதிகமாகத் திருப்புகிறாளா,
பாய் ஏன் படபடக்கிறது,
நானாக இருந்தால்.

முதல் சண்டை க்ருவா தீவுக்கு வெளியே.
கயிற்றுக்காக.
நான் வலமாகச் சுற்றி வைப்பேன், அவள் இடமாக.
இருட்டில் பாயை இறக்கக் கைவிட்டால்
சுருள் எதிர்த்திசையில் அவிழ்ந்து
முடிச்சாகிக் கப்பியில் போய் இறுகியது.
அணியம் தண்ணீருக்குள் போய் வந்தது.
நான் தமிழில் திட்டினேன்.
அவள் பிரெத்தோனில்.
பிரெஞ்சை மரியாதைக்கென்று வைத்திருந்தோம்.

அக்டோபர், தகுதி ஓட்டம்,
பிஸ்கே வளைகுடா, ராத்திரி மூன்று மணி.
கச்சான் முப்பத்தைந்து நாட்டில் ஏறி வந்தது.
பாயைச் சுருக்கக் கை நீட்டினேன்.
நாலு நாளாக
இடச்சுருளுக்கு நான் பழக்கி வைத்த கை.

சுருள் வலமாக இருந்தது.
சிக்கியது.

அதே நேரத்தில் கடையாரிலிருந்து அவள் கத்தினாள்,
அவள் பக்கமும் சிக்கு.
அந்தக் கயிற்றைச் சுற்றி வைத்தவன் நான்,
அவளுக்காக, இடமாக.
அவள் கையோ நாலு நாளாக
வலத்துக்குப் பழகிக்கொண்டிருந்திருக்கிறது.

தலைவிளக்குகள் ஒன்றையொன்று பார்த்தன.
யார் முதலில் சிரித்தது என்று தெரியாது.
மழையும் உப்பும் வாய்க்குள் போக
இரண்டு பேரும் குனிந்து
நகத்தால், பல்லால், முடிச்சை அவிழ்த்தோம்.
பாய் அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டது.
ஒரு மைலாவது போயிருக்கும்.

பிறகு என் முறை. படுத்தேன்.
காது எப்போது தூங்கியது என்று தெரியவில்லை.
விழித்தபோது கடிகாரத்தில்
இருபத்தொன்பது நிமிஷம்.

ஏன் எழுப்பவில்லை?
காற்று ஒழுங்காக இருந்தது, சவாரி.

சுக்கானை வாங்கிக்கொண்டேன்.
ஞாயிற்றுக்கிழமை புறப்பாடு.
கயிற்றை எந்தப் பக்கம் சுற்றுவது என்று
இன்னும் முடிவாகவில்லை.

ஒன்பது போனால் இன்னும் ரெண்டு பாக்கி
என்று சொல்லத் திரும்பினேன்.
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
அவள் தூங்கிப்போயிருந்தாள்.