அடுத்த பம்பு

பதினெட்டு நாளாய்ப் பதிவேட்டில் பூஜ்யம்.
ஒவ்வொன்றையும் அழகாய், வட்டமாய்ப்
போட்டு வைத்திருந்தேன்.
பக்கத்துப் பெட்ரோல் நிலையத்தில்
ஆலை விடும் நேரம் மோட்டார்சைக்கிள் வரிசை
சாலைவரை நீளும்.
அங்கே காசு வாங்கும் விமலேஸ்வரி
வேலி வழியே கேட்பாள்:
"காத்துதானே விக்கிறீங்க,
ஈ கூடவா வரல?"

வண்டி வந்தால் பம்பு கட்டுவோம் என்கிறது ஓர் அலுவலகம்.
பம்பு இருந்தால் வண்டி வாங்குவோம் என்கிறது இன்னொன்று.
இரண்டு கடிதங்களுக்கும் நடுவே
பிறை தொழிற்பேட்டையில்
ஒரு கொட்டகை, ஆறு கலன்கள்,
இரவெல்லாம் பல்லைக் கடிக்கும் அமுக்கி,
நான்.

காலையில் சோப்பு நுரை தொட்டு
இணைப்புகளைத் தடவுவேன்.
குமிழ் வந்தால் கசிவு.
அடுத்தது ஈர்க்குமாறு.
பகலில் இதன் தீ கண்ணுக்குத் தெரியாது;
துடைப்பத்தை முன்னே நீட்டி நடக்கணும்,
அது பற்றினால் நின்றுவிடணும்.
பூன் கியாட் பயிற்சியில் சொன்னபோது சிரித்தேன்.
கூரையில் உணர்கருவி இருக்கிறதுதான்.
ஆனாலும்
கோடி ரிங்கிட் நிலையத்தில்
எட்டு ரிங்கிட் துடைப்பம்
எனக்குக் கண்.

பத்தொன்பதாம் நாள், மழைக்கு முந்திய புழுக்கத்தில்
பாலம் கடந்து வெள்ளை வண்டி ஒன்று.
சத்தமே இல்லை; நின்றபிறகுதான் பார்த்தேன்.
ஓட்டி வந்தவர் நோராய்ஷா, துறைமுகப் பொறியாளர்.
குழாயைக் கவ்வவைத்தேன். நாலு நிமிடம். நிறைந்தது.
கழற்றினால் வரவில்லை.

மைனஸ் நாற்பதில் உள்ளே போனது நீரகம்;
பிறையின் ஈரக்காற்று கைப்பிடியில்
வெள்ளையாய்ப் படிந்து இறுகிவிட்டது.
முப்பத்தொரு வருசமாய்
ஐஸ் கச்சாங்கில் தவிரப் பனி அறியாத என் விரல்
தொட்டுப் பார்த்தது.
சுட்டது.

"இழுக்காதீங்க" என்றேன்,
எனக்கும் சேர்த்து.
நேற்றுவரை முறைத்துக்கொண்ட சம்பந்திகள்
படம் எடுக்கக் கைகோத்ததுபோல்
நின்றன வண்டியும் பம்பும்.

அவர் கேட்டார்: அடுத்த பம்பு எங்கே?
ஈப்போவில்.
வரைபடத்தில் இருக்கிறது.
அந்த நிலத்தில் இப்போதைக்கு
யாரோ மரவள்ளி போட்டிருக்கிறார்கள்.
அப்படியென்றால் இந்த டாங்கியில்
பாதி போவதற்கு, பாதி திரும்புவதற்கு.
ஆமாம் என்றேன்.
ஆமாம் என்றார் அவரும்.

வேலிக்கு அப்பால் விமலேஸ்வரி
யாருக்கோ கொடுக்கவேண்டிய சில்லறையைக்
கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

பதினோராம் நிமிடம் 'டக்'கென்று விட்டது.

வண்டி போன இடத்தில் உள்ளங்கையளவு ஈரம்.
நீரகம் என்று பேர் வைத்தவர்
சும்மா வைக்கவில்லை.
மழை வந்து அதைக் கலப்பதற்குள்
துடைப்பத்தைச் சாத்திவிட்டுப்
பதிவேட்டைத் திறந்தேன்.
ஒன்று என்று போட்டேன்.
கோணலாய் விழுந்தது,
வட்டம் போட்டே பழகிய கை.