நாலடி

காலை ஐந்தரைக்கு வேனில் ஏற்றினார்கள்.
மீன் ஆலையில் எனக்கு இன்று ஷிப்ட் இல்லை.
வாத்தை வானில் எறியும் வேலைக்கு
நாள் கூலி நூற்றிருபது டாலர், மதியம் ஒரு சாண்ட்விச்.
வின்னிபெக் ஏரிக்கு மேற்கே
அறுத்த பார்லி வயலும் கோரைச் சதுப்பும்
ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருக்கும் இடத்தில்
இரண்டு நாற்காலி, ஒரு ரேடியோ,
சாக்கு நிறைய வாத்து.
எல்லாம் நேற்றே செத்தவை.

லாயிட் ஸ்டெஃபான்சன் வெற்றுத் தோட்டா வெடிப்பார்.
நான் சிறகைப் பிடித்துச் சுழற்றி வீசுவேன்.
இருவருக்கும் வெள்ளைச் சட்டை, நாய்க்குத் தெரியட்டும் என்று.
வீசியபின் உட்கார வேண்டும்.
பேசக் கூடாது, கை காட்டக் கூடாது,
விழுந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது.
கடைசியாகச் சொன்னதை மட்டும் இரண்டு முறை சொன்னார்கள்.

நடுவர் மூவரும் கூட்டமும்
முந்நூறு கஜம் தள்ளி, மேட்டின் மேல்.
அவர்களுக்குத் தெரிவது ஓடிப்போகும் முதுகு.
எனக்கு வருவது முகம்.

முதலில் வந்தது போட்டியிலேயே இல்லாத நாய்.
சோதனை நியாயமானதா என்று பார்க்க
ஓடவிடுகிற கிழட்டு லாப்ரடார்.
கரையோரம் சுற்றிப் போகாமல்
குளத்தை நெஞ்சால் பிளந்து,
காற்றை ஒரு முறை முகர்ந்து,
நேராக வாத்தின் மேல் வந்து நின்றது.
மதிப்பெண் கிடையாது. கைதட்டலும் அரைகுறைதான்.
வாலைப் பார்த்தால்
அது இதற்கெல்லாம் வருந்துவதாகத் தெரியவில்லை.

பிறகு வந்தவற்றில் பாதி தண்ணீருக்குப் பயந்து கரையில் ஓடின.
ஒரு பொன்னிற நாய் வாத்தைக் கவ்விக்கொண்டு
என் சாண்ட்விச்சை வெகுநேரம் பார்த்தது.
லாயிட் தொப்பியால் வாயை மூடிச் சிரித்தார்.

பதினொரு மணிக்குமேல் ஏரிப் பக்கமிருந்து காற்று திரும்பியது.
'பதினேழு' என்றது ரேடியோ.
சின்ன உடம்பு, கறுப்புப் பெட்டை.
குளத்தில் அது நீந்தியதைப் பார்த்து
லாயிட் தனக்குள் ஏதோ ஐஸ்லாந்து மொழியில் சொன்னார்.
ஏறி வந்தது. தேடியது. வட்டம் சுருங்கியது.
வாத்துக்கும் அதற்கும் நாலடி.
வாசம் மட்டும் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

நின்றது.
என்னைப் பார்த்தது.

கேள்விக்கு வாய் வேண்டும் என்று யார் சொன்னது?
என் விழி இடப்பக்கம் நழுவப் பார்த்தது.
ஒரு கடுகளவு நழுவினால் போதும், படித்துவிடும்.
கண்ணை மூடிக்கொண்டேன்.

இருட்டில்
அதன் மயிரிலிருந்து சொட்டும் தண்ணீர்.
லாயிட் அடக்கிய மூச்சு.
மேலே எங்கோ காட்டு வாத்துகள், உயிருள்ளவை,
தெற்கே போகிற அவசரத்தில்.
சொட்டு. சொட்டு.
இன்னும் என்னையே பார்க்கிறதா?

மேட்டிலிருந்து விசில், ஒரே ஒரு ஊதல்.
ஊதிவிட்டால் தோற்றதற்குச் சமம்;
உதவி கேட்காத நாய்க்கே கோப்பை.
கண் திறந்தேன். ஈரத் தாளில் அது உட்கார்ந்திருந்தது,
இப்போது முதுகு எனக்கு.
அங்கே நகக்கண் அளவு வெள்ளைப் புள்ளி
வலக்கையை நீட்டியது.
நாலடி நடந்தது. எடுத்தது. போனது.

சாயங்காலம் அடுத்த சுற்றுப் பட்டியலைப் படித்தார்கள்.
பதினாறு. பதினெட்டு.

கூலி கொடுக்கும் கூடாரத்துக்கு அந்தப் பெண்மணி வந்தாள்,
மாவிஸ் ட்ராப்பியே, முழங்கால்வரை சேறு.
நாய்க்கு நெட்டில் என்று பெயராம்,
நம்மூர்க் காஞ்சொறி மாதிரி ஒரு செடி.
மேஜைக்கடியில் சுருண்டு கிடந்தது.
'மேட்டிலிருந்து சரியாகத் தெரியவில்லை' என்றாள்,
'எவ்வளவு பக்கம் வந்தாள்?'
'நாலடி.'
'எந்தப் பக்கம்?'

நாளெல்லாம் மடியில் கட்டிவைத்த கை
தானாக நீண்டது.

நெட்டில் எழுந்தது.
என் விரல் காட்டிய திக்கில்
நாற்காலிக் கால்களைத் தாண்டி, காசுப் பெட்டியைத் தாண்டி,
கூடாரத் துணிவரை போய்
மூக்கை அதற்கடியில் நுழைத்தது.