இரவு டேட்டா

ஒட்டுசுட்டான் சந்தியில்
ரீலோட் கடை நிரோஜன்தான் சொன்னான்:
"அண்ணை, உங்கட சிம்மில
பகலுக்கு ரெண்டு ஜீபி, இரவுக்கு எட்டு.
பன்னிரண்டுக்குப் பிறகு கதைச்சுப் பாருங்கோ,
காசு கரையாது."

அதுவரைக்கும் நான்
நாணயத்தால் சுரண்டும் கார்ட்காரன்.
முன்னூறு ரூபாய்க்கு ஒன்பது நிமிசம்.
அதில் ஒன்றை
மிச்சக்காசு சொல்லும் பொம்பிளைக்குரல் தின்றுவிடும்.
மீதி எட்டுக்குள்
கிழமை லோன், மகளின் பல்லுவலி, யூரியா விலை,
கடைசியில் "சாப்பிட்டியா".
அவள் பதில் சொல்ல முதல்
கட்.

பிறகு ஓர் ஆப்.
என் குரல் எனக்கே திரும்பி வந்தது
கிணற்றுக்குள் கத்தினமாதிரி.
இன்னொன்றில் தவமலர் "ஓம்" என்றாள்,
நான் இன்னும் கேட்காத கேள்விக்கு.
மூன்றாவது
விளம்பரம் காட்டிக் காட்டியே
பகல் டேட்டா முழுவதையும் குடித்தது.
குவைத்தில் அவள் காத்திருக்க
இங்கே ஒருத்தி
முகத்துக்குக் கிறீம் பூசி முடிக்கவேயில்லை.

பன்னிரண்டு மணி எனக்குத் தோது.
காலபோகம், குடலைப் பருவம்.
முத்தையன்கட்டு வாய்க்கால் கரையில்
பாலை மரத்துப் பரணில்
எப்படியும் முழித்துத்தான் இருப்பேன்
யானைக்காக.
இங்கே பன்னிரண்டு, அங்கே ஒன்பதரை.
மடம் குளிசை போட்டுப் படுத்துவிடுவா.
தவமலர் குசினி லைற்றை அணைத்துவிட்டு
கடைசி உடுப்புகளை மெசினில் போட்டு
அதற்குப் பக்கத்திலேயே குந்துவாள்.

முதல் கிழமை முழுக்க
ஓடி ஓடித்தான் கதைத்தோம்,
யாரோ மணிக்கூட்டோடு
முதுகுக்குப் பின்னால் நிற்பதுபோல.
"வேறென்ன?" "வேறென்ன?"
ஒன்பது நிமிசத்தில் எல்லாம் முடிந்தது.
பத்தாவது நிமிசம்
இரண்டு பேரும் போயிராத ஊர்.

"வைக்கட்டா?"
"வேண்டாம். சும்மா இரு."

மார்கழியில் ஓர் இரவு
சிவபாதத்தார் ரோச் அடித்துக் கத்தினார்:
"டேய், வடக்கால வருது!"
போனைச் சாக்கின்மேல் போட்டுவிட்டுப் பாய்ந்தேன்.
ஒற்றை. கொம்பில்லாதது.
மின்வேலிக் கட்டையைக் காலால் சரித்துவிட்டு
தன் வீட்டுக் கோடிக்குள் வருவதுபோல வந்தது.
முதல் வெடிக்குக் காதை அசைத்தது.
இரண்டாவதுக்கு ஓர் அடி பின்வாங்கியது.
மூன்றாவது பனியில் நனைந்து சீறியதோடு சரி.
தகரத்தில் தட்டி, தட்டி,
தொண்டை கிழிய ஏசி,
கடைசியில்
அதுவாக நினைத்தபோதுதான் போனது.

முழங்கால்வரை சேறு.
ஏறி வந்து பார்த்தால்
போன் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது:
நாற்பத்தொரு நிமிசம்.

"தவம்?"
"இருக்கிறன்."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
"மூண்டாவது வெடி வெடிக்கேல்லை, என்ன?"
"பனி."
"எவ்வளவு போச்சு?"
"ரெண்டு பாய் விரிக்கிற அளவு."
"அந்தப் பள்ளக் காணிப் பக்கமோ?"
"ம்."
"அது எப்பிடியும் பதர்தான்."

லோன்காரனுக்குச் சொல்லமுடியாத கணக்கை
இவ்வளவு லேசாக முடித்துவிட்டாள்.
பிறகு கேட்டாள்:
"தவளை இன்னும் கத்துதே?
எனக்குச் சரியாக் கேக்கேல்லை.
போனைக் கீழ விடன்."

தேத்தண்ணிப் போத்தல் பையில் போனை வைத்து
கயிறு கட்டி இறக்கினேன்,
பயிர் நுனிக்கு ஒரு சாண் மேலே
சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் இடம்வரை.
பையின் துணிக்குள்ளால் வெளிச்சம் நீலமாய்க் கசிந்தது.
நான் மேலே இருந்து
சீனியைக் கடித்துக்கொண்டு
ஆறிப்போன பிளேன்ரீ குடித்தேன்.
கீழே என்ன கதைத்தார்கள் என்று தெரியாது.
கயிறு மட்டும் என் விரலில்.

ஒரு மணி தாண்டியிருக்கும்.
கீழேயிருந்து
பீப், பீப், பீப்.
அங்கே மெசின் தோய்த்து முடிந்துவிட்டது.
நிறுத்த ஒருவரும் எழும்பவில்லை.
தவளைகள் கொஞ்சம் வாயை மூடிப்
பொறுத்துப் பார்த்தன.
பிறகு திரும்பவும் தொடங்கின.