எட்டாம் இருக்கை

ஐந்தரைக்குக் கொழும்பு அழைக்கும்.
"மலை எப்படி, கோமளா?"
நிரோஷினி. குரல் மட்டும் தெரியும், முகம் பார்த்ததில்லை.
படகுத்துறையில் நின்று
மவுசாக்கலை நீருக்கு அப்பால் பார்ப்பேன்.
தொழிற்சாலைக் கூரை தெரிந்தால் ஐந்நூறு அடி.
அதற்கு மேலே சவுக்கு வரிசை தெரிந்தால் ஆயிரம்.
சிவனொளிபாதம் முழுசாய்த் தெரிகிறது என்றால்
அடிக்கணக்குக் கேட்கமாட்டாள்,
"சரி, வரட்டும்."

செவ்வாயும் வியாழனும் கம்பனி விமானம்.
இரத்மலானையில் ஆறு ஐம்பது.
இங்கே தண்ணீரில் ஏழு இருபத்தைந்து.
பத்துக்குள் திரும்ப எழும்பிவிட வேண்டும்,
பிறகு மலை மூடியைப் போட்டுக்கொள்ளும்.
முதல்நாள் மாலை நான்கு மணிக்குப் பட்டியல் அடைபடும்.
நாலரைக்கு ஒரு பணிப்பாளருக்குத் தோட்டம் ஞாபகம் வந்தால்
பட்டியல் திறக்கும், கடைசிப் பேர் விழும்.
கடைசிப் பேர் எப்போதும் உதவிக் கணக்காளர் அருள்மொழிவர்மன்.
ஹட்டன் பஸ்ஸில் வந்து
மஸ்கெலியாவுக்கு மாறி
அவர் கோப்போடு படியேறும்போது
கூட்டம் முடிந்து கோப்பை கழுவிக்கொண்டிருப்பார்கள்.

பேர் என்றால் எங்களுக்கு வேறு கணக்கு.
கொழுந்து பதினெட்டுக் கிலோ வந்தால் ஒரு பேர்.
வராவிட்டால் அரைப்பேர்.
அக்கா பூமயிலுக்கு வெயில் மாதம் முழுக்க அரை.
முதன்முதல் பயணிகள் பட்டியலைக் கையில் வாங்கிய அன்று
எட்டுப் பேரையும் எண்ணிவிட்டுச் சிரித்தேன்.
ஒருத்தருக்கும் அரை இல்லை.

ஏழு மணிக்கு முத்துராக்கு படகில் ஒரு சுற்று வருவான்.
மிதக்கும் கட்டை, அறுந்த வலை, எண்ணெய்க் கேன்.
பங்குனியில் நீர் இறங்கினால்
அணைக்கு முந்திய ஊரின் கோயில் தலைகாட்டும்.
விமானியின் வரைபடத்தில் அது
"தடை, வடகிழக்கு".
செம்மஞ்சள் மிதவை ஒன்று கட்டியிருக்கிறோம்.
மிதவை கிட்ட வந்ததும் முத்துராக்கு எஞ்சினை அணைத்துவிட்டுத்
துடுப்புப் போடுவான்.
அப்படி ஒரு விதி எதிலும் இல்லை.

திரும்பும்போது எல்லோரையும் நான் நிறுக்க வேண்டும்.
பெட்டியோடு, கோட்டோடு, தேயிலைப் பொட்டலத்தோடு.
பொது முகாமையாளர் "எண்பத்தாறு" என்று தானே சொல்வார்.
முள் தொண்ணூற்று மூன்றுக்குப் போய் நிற்கும்.
தொண்ணூற்றைந்து என்று எழுதுவேன்.
கொழுந்து மடுவத்தில்
சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ கழிப்பார்கள்.
இங்கே பாதுகாப்புக்கு இரண்டு கிலோ கூட்டச் சொல்லியிருக்கிறது.
விமானத்தின் விதி, என்னுடையதல்ல.
எழுதும்போது பேனா கொஞ்சம் அழுந்தும்,
அது என்னுடையது.

போன வியாழன்
வந்தவர்கள் எல்லோரும் இரவு பங்களாவில் தங்குவதாக முடிவு.
விமானம் மட்டும் திரும்ப வேண்டும்,
மத்தியானம் காலியில் வேறு யாருக்கோ ஓட்டம்.
ஆளில்லாத விமானத்துக்கு மூக்குக் கனக்கும்.
கெப்டன் ஜயலத் முழங்காலில் தாளை வைத்துக் கணக்குப் போட்டார்.
"பின்னுக்கு ஐம்பத்து நாலு கிலோ வேணும்."

ஐம்பத்து நாலு.
விடியற்காலை, தராசைச் சரிபார்க்க
நானே ஏறி நின்றபோது
முள் நின்ற இடம்.
சப்பாத்தோடு.

சொல்லவில்லை.
ஆள் என்றால் பட்டியல் வேண்டும்,
பட்டியல் நேற்று நாலு மணிக்கே அடைபட்டாயிற்று.
மண்ணுக்குப் பட்டியல் தேவையில்லை.
நானும் முத்துராக்குவும் மூட்டை இரண்டைத் தூக்கிவந்து
எட்டாம் இருக்கையில் அடுக்கினோம்.
பட்டியை நான்தான் இறுக்கினேன்.
யன்னல் பக்கம்.

தொலைபேசியில் நிரோஷினி கேட்டாள்:
"எத்தனை பேர்?"
"பேர் இல்லை. மூட்டை இரண்டு."
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"நானும் இன்னும் ஏறவில்லை, தெரியுமா?" என்றாள்.
ஏழு வருடமாய் இருக்கை பிரித்துக் கொடுக்கிறவள்.
"எப்படி இருக்குமாம்?" என்றாள் பிறகு.
"காது அடைக்குமாம்" என்றேன்.

நீரை உதறிக்கொண்டு எழும்பியது.
ஒன்பது ஐம்பத்திரண்டு.
மேகம் சவுக்கு வரிசையை விழுங்கி
கூரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.
பதிவேட்டில் எழுதினேன்:
எட்டாம் இருக்கை, மண், ஐம்பத்து நாலு.
கூட்டவில்லை. கழிக்கவில்லை.