கேட் நோட்டு

அவனுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் ஏவல்.
தூக்கு. இறக்கு. ஓரமா போ. சீக்கிரம்.
மேஸ்திரிகளின் வாயிலிருந்து
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிய சொற்கள்.
அதனால்தான்
கவுன்ட்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று
என்னிடம் "எழுது" என்றான்.
வரிசையில் யாரோ சீறினார்கள்:
"மேடம்கிட்ட மரியாதையாப் பேசுடா."
அந்த "டா" மட்டும் அவனுக்குப் புரிந்தது.

துகிஷ்யாம் நாயக், முப்பத்தொன்று.
மனைவி ஜெமா, இருபத்தாறு, இதய வால்வு சுருக்கம்.
ஸ்டான்லியில் எழுதிக் கொடுத்த சீட்டை
சாந்துச் சட்டிபோல்
இரண்டு கையாலும் ஏந்தியிருந்தான்.
அவள் சுவரோரம் உட்கார்ந்து
ஒவ்வொரு மூச்சையும்
படியேறுவதுபோல் ஏறிக்கொண்டிருந்தாள்.

காப்பீட்டுக்குக் குடும்ப அட்டை வேண்டும்.
இருந்தது, பலாங்கீரில்,
அண்ணன் பெயருக்குக் கீழே.
வெளிமாநிலத்தார் என்றால்
ஆறு மாதம் இங்கே இருந்ததற்குச் சான்று வேண்டும்.
வருமானம் எவ்வளவு என்றும் ஒரு சான்று.
அப்புறம், திரையில்
சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்:
கதவு எண்.

"வீடு எங்க?"
மாதவரம் என்றான்.
பதினான்கு மாடி எழும்புகிற இடத்துக்கு எதிரே
தகரக் கொட்டகை, வரிசையாக முப்பது.
இப்போது அவன் வேலை
பதினான்கு மாடியிலும் கதவுகளுக்கு
எண் தகடு அடிப்பது.
விரல்களை விரித்து விரித்துக் காட்டினான்:
ஒரு நாளைக்கு நாற்பது.

"நாளைக்கு வா" என்றேன்.

எனக்கும் இங்கே ஆறு மாதக் கணக்குதான்.
ஒப்பந்தம் முடிந்ததும்
ஒருநாள் வீட்டில் உட்கார வைத்து
மறுநாள் புதியவளாய்ச் சேர்த்துக்கொள்வார்கள்.
தொடர்ந்து இருந்தேன் என்று
நான் சொல்லிவிடக் கூடாதாம்.

காண்ட்ராக்டர் கடிதம் தரவில்லை.
தந்தால் அவன் இவருடைய ஆள் என்றாகிவிடும்.
ஆள் என்றானால்
பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு, வழக்கும் உண்டு.
நாளைக்கு வா.
நாளைக்கு வா.
வந்தான். ஒவ்வொரு முறையும்
ஒருநாள் கூலியைக் கழித்துக்கொண்டு.

நான்காம் முறை கூடவே தில்பகதூர்,
நேபாளத்து வாட்ச்மேன்.
பன்னிரண்டு வருடச் சென்னை.
அவனுக்கென்று என் திரையில் எந்தக் கட்டமும் இல்லை,
அவன் கேட்கவும் இல்லை.
கக்கத்திலிருந்து நீள நோட்டை எடுத்து
கம்பிக்குள் நீட்டினான்.

பெயர். உள்ளே நேரம். வெளியே நேரம். பையில் என்ன.
ஒயர், கம்பித் துண்டு, குழாய் மூடி
திருட்டுப் போகாமலிருக்க வைத்த நோட்டு.
நூற்றுத் தொண்ணூறு நாள் நாயக்:
பை, சாப்பாட்டு டப்பா.
பை, சாப்பாட்டு டப்பா.
பை, மாத்திரை.
பை, சாப்பாட்டு டப்பா.
ஜெமாவும் இருந்தாள், தீபாவளிக்கு முந்திய வாரம்வரை.
கடைசி வரியில்
உள்ளே வந்த நேரம் இருக்கிறது,
வெளியே போன நேரம் இல்லை.
"தூக்கிட்டு ஓடினோம் மேடம்,
எழுத மறந்துட்டேன்."

தேனாம்பேட்டைக்கு அனுப்பினேன், தொழிலாளர் துறைக்கு.
அங்கே ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்டி
நடுவில் நாள் விட்டிருக்கே என்றாராம்.
மருத்துவமனைச் சீட்டை அந்தத் தேதியோடு
ஒட்டி வைத்துப் பார்த்தாராம்.
மின்விசிறி சுற்றுவதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
முத்திரை குத்தினாராம்.

கதவு எண் காலியாக இருந்தால் திரை நகராது.
"கேட் 2" என்று அடித்தேன்.
நகர்ந்தது.

புகைப்படத்துக்கு ஜெமாவை நிறுத்தி
பழக்கத்தில் சொல்லிவிட்டேன்:
"மூச்சை அடக்குங்க."
இல்லை இல்லை,
விடுங்க, நல்லா விடுங்க.
படம் சற்றுக் கலங்கித்தான் விழுந்தது.

அட்டை வரவில்லை.
ஒரு எண் வந்தது, பக்கத்தில் "பரிசீலனையில்" என்று.
அந்தத் துண்டுத் தாளை
சட்டைப் பையில் நான்காக மடித்துக்கொண்டு
கும்பிட்டான் துகிஷ்யாம்.
என் கவுன்ட்டரில் கற்ற ஒரே தமிழை,
விடைபெறும் சொல் அதுதான் போல என்றெண்ணி,
சிரித்தபடி சொன்னான்:
"நாளைக்கு வா."

மறுநாள் எனக்கு அந்த ஒருநாள்.
வீட்டில் துணி துவைத்தேன்.