தரைப்பாலத்தில் ரொட்டி வண்டி

எட்டு ஊர்களுக்கு ரொட்டி கொண்டுபோகிறேன்.
எட்டில் இரண்டில் இப்போது ஆளில்லை.
ஒன்றில் ஒரே ஒருவர், தெலெஸ்போரோ,
அவருக்குப் பல் இல்லை;
மேலோட்டை எனக்கே திருப்பித் தந்துவிடுவார்.

தெருவேல் மலைகளில் ஆகஸ்ட் என்றால்
பாதாம் காய்கள் தோல் வெடித்து நிற்கும்,
அறுத்த கோதுமைத் தாள் காலடியில் நொறுங்கும்,
ராம்ப்லாவில் தண்ணீர் இருக்காது.
ராம்ப்லா என்பது எங்கள் ஆறு. மணல்தான்.
வருடத்தில் முந்நூற்று அறுபது நாள் அது ஒரு சாலை,
பன்றிப் பண்ணைக்குக் குறுக்குவழி,
பையன்கள் பந்தாடும் இடம்.
மிச்ச நாட்களை
எந்த நாட்காட்டியிலும் சிவப்பில் அச்சடிப்பதில்லை.

ஐந்தேகாலுக்குப் போன் அலறியது. ஆரஞ்சு எச்சரிக்கை.
அண்ணாந்து பார்த்தேன்:
கழுவிக் கவிழ்த்த நீலச் சட்டி.
வடக்கே மேட்டுக்கு அப்பால் மட்டும்
ஒரு மேகம் புளித்த மாவைப்போல்
பாத்திரத்தை மீறி எழும்பிக்கொண்டிருந்தது.
இடி கேட்கவில்லை.
உள்ளே வெளிச்சம், அங்குமிங்கும்,
யாரோ விளக்கோடு அறை அறையாய் எதையோ தேடுவதுபோல்.

இருபது கிலோமீட்டர். இங்கே ஒரு துளி இல்லை.

போன ஜூனிலும் இப்படித்தான் நிறுத்தினேன்.
இரண்டு மணி நேரம். ஒரு பல்லி கடந்துபோனது.
ரொட்டி விறகாயிற்று. மதுக்கடையில் ஒரு வாரம்
"ஒரோசியா பல்லிக்கு வழிவிட்டாள்" என்றார்கள்.
சிரிப்பு தண்ணீரைவிட மெதுவாக வடிகிறது.

இருந்தாலும் எஞ்சினை அணைத்தேன்.
மணலிலிருந்து சில்லென்று ஒரு காற்று,
யாரோ குளிர்பெட்டியைத் திறந்துவிட்டதுபோல்.
அவ்வளவுதான் சாட்சி.

பின்னால் எவுத்திமியோவின் லாரி.
இருநூறு பன்றிக்குட்டிகள், தகரத்துக்குள், முப்பத்தெட்டு டிகிரி.
ஓடினால்தான் அவற்றுக்குக் காற்று.
ஒலிப்பான். மறுபடி ஒலிப்பான்.
"செத்தால் நீயா காசு தருவாய்?"
பதில் சொல்லாமல் வேனைக் குறுக்கே திருப்பி நிறுத்தி
சாவியை ரொட்டிக் கூடைக்குள் போட்டேன்.
என் தாயைத் திட்டினான், அவள் தாயைத் திட்டினான்,
வேனின் பூர்வீகம்வரை போனான்.
நான்கு நிமிடம். ஒன்பது.
பதினொன்றில் லாரியில் ஏறி
முட்டித் தள்ளவே கியர் போட்டான்.

அப்போது ஒரு சத்தம். தண்ணீர்ச் சத்தம் இல்லை,
சல்லி கொட்டும் சத்தம்.
முதலில் வந்தது தண்ணீரும் இல்லை:
சருகு, பைன் காய், நுரை, சுள்ளி,
உருண்டு உருண்டு ஒரு துடைப்பம்.
அதன் பின்னால்தான் அந்தப் பழுப்பு.
ஒரு நீலப் பீப்பாய். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நிமிர்ந்தபடி.
ஒரு தேன்பெட்டி; மேலே அதன் தேனீக்கள்
வீட்டை விடாமல் கூடவே பறந்தன.
அளவுக் கம்பத்தில் நாற்பதைக் காணோம்.
தொண்ணூறைக் காணோம்.
தலைக்கு மேல் அதே நீலம்.

அவன் நன்றி சொல்லவில்லை. வாளியை எடுத்தான்.
நானும் ஒன்றை எடுத்தேன்.
கரையோரம் ஒதுங்கிய சேற்றுநீரை மொண்டு மொண்டு
அவனைக் கொல்ல வந்ததையே
குட்டிகள்மேல் ஊற்றிக்கொண்டிருந்தோம், இருட்டும்வரை.
மூன்று செத்தன.
மூன்றையும் என் கணக்கில் எழுதிக்கொண்டான்.
எழுதிவிட்டு ஒரு ரொட்டி வாங்கினான், காசு கொடுத்து.

ஒன்பது மணிக்கு வெள்ளம் வடிந்தபோது
பாலத்தின் அந்தப் பக்கம்
யாரோ கடித்த துண்டுபோல் இருந்தது.
தெலெஸ்போரோ போனில் அழைத்தார்.
இன்றைக்கு ரொட்டி வராது என்றேன்.
சற்று நேரம் பேச்சில்லை.

"ஏன்? இங்கே மழையே இல்லையே" என்றார்.